பதினொன்று புள்ளி ஏழு

சீலநாயக்கன்பட்டி பைபாஸில் எங்கள் புக்கிங் ஆபீஸ்.
சுவரில் டயர் கம்பெனி கொடுத்த வரைபடம்.
ஸ்கேலை வைத்து நேர்கிழக்கே கோடிழுத்தால்
ஆத்தூர், சின்னசேலம், நெய்வேலி உரசி
கடலூரில் போய்த் தண்ணீர் தொடும்.
நாங்களும் அவர்களும் ஒரே அட்சத்தில்.
கடல் மட்டும் அவர்கள் பக்கம்.

திங்கள்கிழமை அது வெறும் தாழ்வுப் பகுதி.
செவ்வாய், தாழ்வு மண்டலம்.
புதன் காலை ஒரு பெயர் வந்தது.
எந்த நாட்டுக்காரர் வைத்ததோ,
முதலாளி ஒருவிதமாகச் சொன்னார்,
டீ கொண்டுவரும் பையன் வேறுவிதமாக.
ரேடியோ இருவரையும் திருத்தியது.

மணிக்கு ஏழு கிலோமீட்டர்.
எங்கள் கணக்கர் சைக்கிளில்
அதைவிட வேகமாகப் போவார்.
பிறகு நின்றேவிட்டது.
பதினோரு மணி நேரம் தன்னையே சுற்றிக்கொண்டு,
சரக்கை எங்கே இறக்குவதென்று
விலாசம் தொலைத்த வண்டி மாதிரி.

போனைத் திறந்தால் ஒரு கூம்பு.
நுனி கடலில். வாய்
வேதாரண்யத்திலிருந்து பழவேற்காடு வரை.
உள்ளே நாலைந்து நிறத்தில் கோடுகள்,
ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை.
கோடுகளுக்கு நடுவே வெறும் வெள்ளை.
அங்கேயும் ஊர்கள் இருந்தன.

மாதையன் காரைக்காலில் நின்றார்.
பதினாறு டன் தீச்செங்கல்,
நம் மண்ணின் மாக்னசைட், நனைந்தால் உதிரும்.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றி
கேட்டைச் சாத்திவிட்டார்கள்.
"என்ன பண்ணட்டும், தவமணி?"
மதிய அறிக்கை காரைக்காலைத்தான் காட்டியது.
"வடக்கே போங்க. காட்டுப்பள்ளியில எறக்கிக்கலாம்."
ஏதோ ஸ்டீயரிங் என் கையில் இருப்பதுபோல.

அன்று சேர்வராயன் மலை
துடைத்து வைத்த பித்தளை.
ஏற்காடு வளைவொன்றில் திரும்பும் பஸ்ஸின்
கண்ணாடி மின்னுவதுகூடத் தெரிந்தது.
ஒரு மேகம் இல்லை.
எல்லாவற்றையும் அங்கே வரவழைத்திருக்கிறார்கள்.

நாலரை மணிக்கு: வடமேற்கே திரும்பியது.
ஏழரைக்கு: புதுச்சேரி.
பத்தரைக்கு: மரக்காணம் அருகே.
நான் வழி சொல்லி அனுப்பிய மாதிரி
மாதையன் பின்னாலேயே போயிருக்கிறது.
அவர் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே.
திரும்ப அடித்தேன். வெளியே.

சாமி கும்பிடுகிற பழக்கம் எனக்கில்லை.
இருந்தும் சொன்னேன்,
இன்னும் கொஞ்சம் மேலே போயிடு.
மேலே என்ன இருக்கிறதென்று
வரைபடத்தை அப்புறம்தான் பார்த்தேன்.
கடப்பாக்கம். கூவத்தூர். சதுரங்கப்பட்டினம்.
விரலை மேலும் கீழும் நகர்த்தினேன்.
ஒரு கட்டைவிரல் வைக்கக்கூட
ஆளில்லாத கரை அகப்படவில்லை.

இரண்டேகாலுக்கு எடுத்தது
ஒரு பெண் குரல்.
"ரொம்ப நேரமா அடிக்குதேன்னு எடுத்தேங்க்கா.
அண்ணன் வெளிய கயிறு கட்டுறாரு.
எங்க கூரை போயிடுச்சு.
ஒம்பது பேரு வண்டிக்கு அடியில இருக்கோம்."
அவள் பின்னால் காற்று,
கிளம்பாமலே உறுமுகிற ஆயிரம் லாரி.
அப்புறம், ஊர்ச்செய்தி விசாரிப்பதுபோல,
"ஒங்க பக்கம் எப்படிக்கா?"

வாசலைப் பார்த்தேன்.
எதிர்க்கடைப் பலகை அசையவில்லை.
பைபாஸ் முழுக்க நிலா.
"இங்கயும்தாம்மா" என்றேன்.

வெள்ளி மாலை எங்களுக்கு மிஞ்சியது தூறல்.
கொடியில் போட்ட சட்டையை
எடுப்பதா வேண்டாமா என்பதற்குள் விட்டுவிட்டது.

சனிக்கிழமை மாதையன் வந்தார்.
முன்கண்ணாடி முழுக்க உப்பு.
மேலிரண்டு வரிசைச் செங்கல்
தொட்டால் மாவாகக் கொட்டியது.
தார்ப்பாய் எங்கே என்றேன்.
"ஒரு வீட்டு மேல கட்டியிருக்கு" என்றார்,
குளிக்கப் போய்விட்டார்.

முதலாளி வரும் சத்தம் கேட்டது.
பேரேட்டைத் திறந்து எழுதினேன்:
தார்ப்பாய், ஒன்று. காற்றில் போனது.