கைமாற்று

ஒன்பதாவது ஆட்டத்துக்கு மறுநாள் விடிகாலை
வானொலி சொன்னது,
பெட்ரோல் விலை சொல்லும் அதே குரலில்:
டெஸ்மண்ட் வெதர்பி துல்சாவுக்குப் போகிறான்.
பதிலுக்கு ஏழடி லாட்வியாக்காரன் ஒருவன்,
கூடவே
நான்கு வருடம் கழித்து வரப்போகும்
பெயர் தெரியாத பையன் ஒருவன்.
இந்நேரம் அவன் ஏதோ பள்ளிக்கூடத்தில்
கணக்குப் பரீட்சைக்குப் பயந்துகொண்டிருப்பான்.
அவனையும் எங்களுக்கே எழுதிவிட்டார்கள்.

பஃபலோவில் அன்றுதான் முதல் பனி.
நான் பனிவாரி வண்டி ஓட்டுகிறவள்.
ஏரிக்கரையிலிருந்து செனெக்கா தெருவரை
இரவுப் பணி.
அன்று ஒரு தபால்பெட்டியைச் சாய்த்தேன்.
அறிக்கையில் 'பார்வைக் குறைவு' என்று எழுதினேன்.

அக்டோபரில்தான் வாங்கியிருந்தேன்
நூற்றிருபது டாலர் ஜெர்சி.
முதுகில் அவன் பெயர், பதினொன்று.
"பென்சிலால் எழுதச் சொல்லியிருக்கலாமே டோரோத்தா"
என்றான் லான்ஸெல், பணிமனையில்,
உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து
பன்றிக்கறி ரொட்டி தின்றபடி.

கறுப்பு டேப் ஒட்டினேன்.
மேலே வெள்ளைப் பேனாவால்
ஓஸொல்னீக்ஸ் என்று எழுதினால்
கடைசி எழுத்து விலாவுக்கு வந்துவிடுகிறது.

பத்தாவது ஆட்டம்:
எட்டு ஃப்ரீ த்ரோ, ஆறு வெளியே.
ஒன்று வளையத்தைக்கூடத் தொடவில்லையாம்.
யாருமே தடுக்காத பந்தய்யா அது!
காற்றுகூட இல்லாத கூரைக்கடியில்!
கெட்ட வார்த்தைகளை
என் அப்பாவின் போலிஷில் சொன்னேன்,
ஆங்கிலத்தில் போதவில்லை.

பதினொன்று, தோல்வி.
பன்னிரண்டு, ஜெயித்தோம். எப்படி என்று
வானொலியில் புரியவில்லை.
லான்ஸெல்தான் போனில் காட்டினான்:
நெட்டையன் சும்மா போய் நிற்கிறான்,
கதவடைத்த மாதிரி.
மோதியவன் விழுகிறான்,
நம் பொடியன் பின்னால் நழுவிப் போய்ப் போடுகிறான்.
நிற்பதற்குப் புள்ளி கிடையாது.
எந்தப் பட்டியலிலும் ஏறாது.
"மறுபடி போடு" என்றேன்.
நான்கு முறை போட்டான்.

பதின்மூன்று ஞாபகமில்லை. சளிக்காய்ச்சல்.

பதினான்காவது ஆட்டத்துக்கு வெதர்பி வந்தான்,
வேறு நிறத்தில்.
ஒரு புள்ளி நாங்கள் மேலே,
மீதி ஏழு நொடி,
பந்து அவன் கையில்.
இடது மூலை.
அந்த மூலை எனக்குத் தெரியும்,
கண்ணை மூடிக்கொண்டு போடுவான் அங்கிருந்து.
வண்டியை நடுத்தெருவில் நிறுத்தினேன்.
மஞ்சள் விளக்கு மட்டும்
பனியைச் சுற்றிச் சுற்றிக் காட்டியது.

இருபத்திரண்டு வருட வர்ணனையாளர்,
நிதானமான மனிதர்,
வாய் தவறிச் சொன்னார்:
"நம்ம வெதர்பி..."
சட்டென்று நிறுத்திக்கொண்டார்.
அந்த இடைவெளியில்
ஊர் மொத்தமும் மூச்சை அடக்கியிருக்கும்.

போ என்றேனா, போகாதே என்றேனா,
சத்தியமாய்த் தெரியாது.
உதடு அசைந்தது.
கை மட்டும் தானாய் ஹாரனை அழுத்தியது.
நீளமாய்.
மாடியில் ஒரு விளக்கு எரிந்தது,
தூக்கம் கலைந்த ஒருத்தி
ஜன்னல் திறந்து என்னைத் திட்டினாள்.
தோற்றுவிட்டோம் என்றேன்.
"அதுக்கு?" என்றாள்.

லான்ஸெல் செய்தி அனுப்பியிருந்தான்:
'கொடுத்த கைமாற்றை
வட்டியோடு நம் தலையிலேயே
திருப்பிப் போட்டுவிட்டான்.'
சிரிப்பு வந்தது. அதுதான் எரிச்சல்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினால்
வியர்வையில் டேப் ஒரு ஓரம் உரிந்து
'வெ' தெரிகிறது.
அழுத்தி ஒட்டினேன்.
ஒட்டவில்லை.
இன்னும் அறுபத்தெட்டு ஆட்டம் இருக்கிறது.
நாளைக்குப் பதினெட்டு அங்குலம் என்கிறார்கள்.
நெட்டையன் ஃப்ரீ த்ரோவுக்கு
தனியே ஆள் வைத்துப் பழகுகிறானாம்.
பார்க்கலாம்.