என்னுடைய ஆவி

விஸ்ப் நகரத்தில் பகலெல்லாம் மூக்குக்கண்ணாடி விற்கிறேன்.
சூப் குடிக்கிறவர்கள், பேக்கரியில் அடுப்புத் திறக்கிறவர்கள்,
ஜனவரிக் குளிரிலிருந்து பஸ்ஸுக்குள் ஏறுகிறவர்கள்
எல்லோருக்கும் ஒரே முறைப்பாடு:
ஆவி படிகிறது.
கண்ணாடி குளிர், காற்று ஈரச்சூடு,
அவ்வளவுதான் விஷயம் என்பேன்.
துடைக்கும் துணி இலவசம்.

ஆகஸ்டில் இரண்டு வாரம் விடுப்பு.
துர்த்மான் பள்ளத்தாக்கின் மேல் புல்வெளியில்
நூற்று நாற்பத்து மூன்று ஆடுகளுக்கு
இரவுக் காவல். சம்பளம் இல்லை.
தந்ததெல்லாம் ஒரு விசில், ஒரு நோட்டுப் புத்தகம்,
இருட்டைப் பச்சையாக்கிக் காட்டும் ஒரு கருவி.

முதல் இரவே பிழை விட்டேன்.
விறைத்த கருவியோடு தேநீருக்குக் குடிலுக்குள் போனேன்.
உள்ளே கெண்டி கொதிக்கிறது, ஈரக் காலுறைகள் தொங்குகின்றன.
ஒரு நிமிடம்.
இரண்டு வில்லைகளும் குப்பென வேர்த்தன.
மனிதரைப் போல என்று சொல்ல வந்தேன்.
இல்லை, கண்ணாடியைப் போலத்தான்.

பிறகு கற்றுக்கொண்டேன்.
கருவி வெளியே, இறவாரத்தின் கீழ், பையோடு தூங்கும்.
பைக்குள் சப்பாத்துப் பெட்டிகளிலிருந்து சேர்த்த,
'உண்ண வேண்டாம்' என்று மூன்று மொழியில் கெஞ்சும்
சின்னச் சின்ன உப்புப் பொட்டலங்கள்.
வில்லையில் ஒரு சொட்டுக் கோப்பை கழுவும் சவர்க்காரம்,
தேய்த்து, அது இருந்ததே தெரியாமல் போகும்வரை துடைத்து
(கடையில் இதைச் சொன்னால் முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்).
கழுத்துத்துணி நாடிக்குக் கீழே.
மூச்சை நிலம் நோக்கி விட வேண்டும்.
கண்ணைக் குழியில் அழுத்தக் கூடாது,
கண்ணும் வேர்க்கும்.

பத்தாம் இரவு, மூன்று பத்துக்கு
நாய்கள் குரைத்தன.
வேலியின் வடக்கு மூலையில், தாழ்வாக,
இரண்டு புள்ளி வெளிச்சம்.
அவை என்னைப் பார்த்தன என்றுதான் நினைக்கிறேன்.
படித்ததெல்லாம் போயிற்று.
வாய் தானாகத் திறந்தது,
நெஞ்சிலிருந்ததெல்லாம் வெளியே வந்தது,
உலகம் பால்.

துடைத்து, மூச்சடக்கிப் பார்த்தபோது
பாறை. நனைந்த புல். பாறை.
ஓநாய்க்கு இரண்டு புள்ளி.
நரிக்கும் இரண்டு, மானுக்கும் இரண்டு,
கம்பி தாண்டிய ஆட்டுக்கும் இரண்டுதான்.

விடிந்ததும் ஓடிலோ மேலே வந்து எண்ணினார்,
உதடசைய, ஒருமுறை, இன்னொருமுறை.
நூற்று நாற்பத்து மூன்று.
நோட்டைத் திறந்து பேனாவை நீட்டினார்.
"ஓநாய் என்று எழுது."
அதட்டவில்லை. கத்திமுனையில் ஒரு துண்டு சீஸும் நீட்டினார்.
போன கோடையில் பதினொன்று போயின,
ஒவ்வொன்றையும் தோளில் சுமந்து இறக்கியவர்.
இந்தப் பக்கங்களில் அந்தச் சொல் போதிய தடவை வந்தால்
மலைக்கு ஒரு துப்பாக்கி வரும் என்று நம்புகிறவர்.

சீஸைத் தின்றேன். எழுதினேன்:
03.10. நாய்கள் குரைத்தன. வடக்கே இரண்டு ஒளிப்புள்ளி.
பிறகு கண்ணாடியில் ஆவி.

"யாருடைய ஆவி?"
"என்னுடையது."

என் மொழியில் அந்தச் சொல்
சோற்றுப்பானையிலிருந்து எழுவதும்,
உடம்பை விட்டுப் போவதும்,
போன பிறகு திரும்பி வருவதும்.
அதை ஜெர்மனில் விளக்க எனக்கு வரவில்லை.
அவர் கேட்கவும் இல்லை.
பகல் முழுக்க வேலிக்கம்பியோடு மட்டும் பேசினார்.

இருட்டும் நேரம் குடில் வாசலில்
பாதியாய் வெட்டிய ஓர் உருளைக்கிழங்கு,
வெட்டுமுகம் மேலே.
"லொறிக் கண்ணாடிக்கு நான் பூசுவது" என்றார்,
மலையைப் பார்த்தபடி.

பூசினேன்.
அன்றிரவு முழுக்க மாவு வாசத்தோடு
நூற்று நாற்பத்து மூன்று பச்சை முதுகுகள்,
வேலியின் ஒவ்வொரு முடிச்சு,
வடக்கு மூலையில் ஒரு முட்செடியின் நிழல்கூட.

யாரும் வரவில்லை.
மிகத் தெளிவாகத் தெரிந்தது.