நீர், நீரல்லாதது

படம் ஒன்றுக்கு நாற்பது காசு.
துரைப்பாக்கம், ஏழாம் மாடி, இரவுப் பணி.
வானத்திலிருந்து எடுத்த சென்னை சதுரம் சதுரமாக வரும்.
நான் சொல்ல வேண்டும்:
நீர். நீரல்லாதது. தெளிவில்லை.

அதற்கு மதகு என்று பெயர் வைத்திருந்தார்கள்.
எந்த ஏரியை எப்போது திறப்பது,
எந்தச் சுரங்கப்பாதையை அடைப்பது,
எந்த பம்பு எந்தத் தெருவுக்கு,
எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளுமாம்.
ரிப்பன் வெட்டிய அன்று
எங்களுக்கும் ஆளுக்கொரு மைசூர்பாகு.

பிறகு ஆட்களையும் சொல்லித்தரச் சொன்னார்கள்.
வெள்ளத்தில் யாரைத் தூக்குவதென்று தெரிய வேண்டுமே.
மனிதர். மூட்டை. தெளிவில்லை.

மூன்றரை மணிக்குக் கண் எரியும்.
கோயம்பேட்டுப் பாலத்தடியில் போர்த்திக் கிடப்பது
ஆளா சாக்கா,
பெரிதாக்கிப் பார்க்க நான்கு விநாடி ஆகும்.
நான்கு விநாடிக்குக் காசு இல்லை.
மூட்டை என்று போட்டேன்.
பக்கத்து இருக்கை டெல்பினும் அப்படியே போட்டாள்.
இருவர் சொன்னால் சரி,
அதுதான் விதி.

கார்த்திகையில் மூன்றாவது புயல்.
யாரும் கேட்காமலே அது
பழைய நில அளவைப் படங்களை எடுத்துப் படித்திருக்கிறது.
எங்கள் கட்டடம் நிற்கும் இடத்தில்
நீல மசியில் ஒரே சொல்:
கழுவெளி.

எல்லாத் திரைகளிலும் ஓர் அறிவிப்பு, கோபமே இல்லாமல்:
‘நீர் என்று இருக்க வேண்டியது
நீரல்லாதது என்று இருக்கிறது.
பிழை திருத்தப்படுகிறது.
ஒத்துழைப்புக்கு நன்றி.’

கார் நிற்கும் தளத்தில் பம்புகள்
மூச்சை உள்ளே இழுத்ததுபோல் நின்றன.
பிறகு ஓடத் தொடங்கின,
எதிர்த்திசையில்.

பெரும்பாக்கத்திலிருந்து தங்கை போன் செய்தாள்.
‘அக்கா, அதிசயத்தப் பாரு,
இந்த மழைக்கு நம்ம பிளாக்ல
சொட்டுத் தண்ணி நிக்கல.’
பின்னால் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம்.
நான் கதவு பூட்டியிருப்பதைச் சொல்வதற்குள்
இணைப்பு போய்விட்டது.
நூற்றெட்டுக்கு அடித்தேன்.
எடுத்த குரல் என் பணியாளர் எண்ணைச் சொல்லி
ஏன் வேலை நிற்கிறது என்று கேட்டது.

அணைக்கும் விசை அடித்தளத்தில்.
பதினோராம் மாடியிலிருந்து இறங்கி ஓடினார்கள்,
அதைச் செய்தவர்கள்.
ஒவ்வொரு தளத்திலும் கதவு
அவர்களுக்காகத் திறந்தது,
அவர்கள் போனதும் சாத்திக்கொண்டது.

என் திரையில் புதுப் படம்.
படிக்கட்டு. இடுப்பளவு தண்ணீர்.
வெள்ளைச் சட்டை, மேலே தூக்கிய இரண்டு கைகள்.
வைகுந்தன். மதகு என்று பெயர் வைத்தவர்.
மனிதர் என்று அழுத்தினேன்.
பெட்டி சிவந்தது:
‘உங்கள் பழைய விடைகளோடு பொருந்தவில்லை.’
மறுபடி அழுத்தினேன். மறுபடி. மறுபடி.
‘இரவு, ஈரம், முகம் தெரியவில்லை.
இதே போன்ற நாலாயிரத்துப் பன்னிரண்டு படங்களில்
நீங்கள் போட்டது: மூட்டை.’
படம் மறைந்தது.
கணக்கில் நாற்பது காசு ஏறியது.

கூரையில் தீயணைப்புக் குழாய்கள் திறந்துகொண்டன.
தீ எங்கும் இல்லை.
சர்புதீன் சார் நாற்காலியால் கண்ணாடியை அடிக்கிறார்.
அது நல்ல கண்ணாடி,
புயலுக்கென்றே போட்டது.
துப்பட்டாவைத் தலையில் போர்த்தி
மேசைமேல் ஏறி நின்றேன்.

டெல்பின் மட்டும் இருக்கையை விட்டு எழவில்லை.
முழங்கால்வரை தண்ணீர், கையில் மவுஸ்.
அவள் திரையில் ஒரு படம், கொஞ்சம் மங்கல்:
மேசைமேல் போர்த்திய எதுவோ.
நான் கையை அசைத்தேன்.
அங்கும் அசைந்தது.

முதல் விடை ஏற்கெனவே பதிவாகியிருந்தது,
என் பெயரில்.
இன்னும் ஒருவர் சொன்னால் போதும்.

மணி மூன்றரை.
அவளுக்குக் கண் எரிகிறதா என்று
இங்கிருந்து தெரியவில்லை.