தபால்தலை ஒட்டாதவை

செவ்வாய்க்கிழமைகளில் சாக்கு கனக்கும்.
சயான் ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழே
பான் எச்சில் வழிந்த சிவப்புப் பெட்டி.
கவிழ்த்தால்
இரண்டு எல்.ஐ.சி. கடிதம், ஒரு கல்யாணப் பத்திரிகை,
மிச்சமெல்லாம் பர்ஸ்.

அடித்தவன் பணத்தை உருவிக்கொண்டு
தோலை எங்களுக்குப் போட்டுவிடுவான்.
"திருடனுக்குத்தான் இன்னும் தபால் இலாகா மேல நம்பிக்கை"
என்பாள் சுலபா காம்ப்ளே,
முத்திரைக் கட்டையின் தூசியை ஊதிக்கொண்டே.

முகவரி தேடுவது என் வேலை.
பதினோரு வருஷமாக
ஆண்கள் உட்கார்ந்து உட்கார்ந்து வளைத்த தோல்களை
மேசையில் விரித்துப் படிக்கிறேன்.
ஆதார், பான் கார்டு, காலாவதியான சீசன் பாஸ்.
பஸ் டிக்கெட்டில் சுற்றிய ஒரு பால்பல்.
ஒருவன் தனக்கே எழுதிவைத்த சீட்டு:
கோபம் வந்தால் தண்ணீர் குடி.
பணம் மட்டும், ஒரு பத்து ரூபாய்கூட,
பார்த்ததில்லை.

போன மாதம் ஏழாம் தேதி வந்தது அது.
பழுப்பு. ஓரம் பிரிந்து கருப்பு நூலால் தைத்தது.
அந்த நூல் என் டப்பாவில் இன்னும் பாதி இருக்கிறது.

இரண்டு நாளுக்கு முன்னால்தான்
அவர் வந்து வாசலிலேயே நின்று சொன்னார்:
"குர்லாவுல கூட்டம். கவரோட சம்பளம் போச்சு."

குர்லாவில் அடித்தவன்
சயான் வரை வந்தா போட்டான்?
ரப்பர் பாண்டை, அவரைப் போலவே,
இரண்டு சுற்றுச் சுற்றி?
உள்ளே மூன்று பத்து ரூபாய் அப்படியே இருந்தது.
இல்லாதது ஒன்றே ஒன்று,
சாக்கிநாக்கா கம்பெனியின் கேட் பாஸ்.
எந்தத் திருடனுக்கும் அது வேண்டாம்.
வேலையை விட்டு அனுப்புகிறவர்கள்தான்
அதைத் திரும்பக் கேட்பார்கள்.

சயான் பெட்டி என் மேசைக்குத்தான் வரும்.
அவருக்குத் தெரியும்.
தெரிந்து போட்டாரா, தெரியாத மாதிரி போட்டாரா,
இன்றுவரை கேட்கவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
பொன்வேல் சங்கரலிங்கம்,
பிரதீக்ஷா நகர், கட்டடம் பதினான்கு.
சுலபா எட்டிப் பார்த்தாள். "உன் பில்டிங்கா?"
"ஆமா. தெரிஞ்சவர்தான்."

தபால்காரரிடம் பன்னிரண்டு ரூபாய் கட்டி வாங்கியிருக்கிறார்.
சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள்
"பாத்தியா, கிடைச்சிருச்சு!" என்றார்.
"அட" என்றேன்.
அந்த "அட"வை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

மறுநாளும் எட்டு பன்னிரண்டுக்குக் கிளம்பினார்,
டிபன் பாக்ஸோடு.
எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாரோ.
அவர் குளிக்கும்போது
பர்ஸின் ரகசிய அறையில் இருநூறு ரூபாய் வைத்தேன்.
ராத்திரி அது என் கைப்பையில் இருந்தது,
மடிப்பு மாறி.
திரும்ப வைத்தேன். திரும்ப வந்தது.
மூன்றாம் நாள் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தேன்.
நாங்கள் இருவரும் அதைப் பற்றி
ஒரு வார்த்தை பேசவில்லை.
பருப்பு விலை பேசினோம், மழை பேசினோம்.

நான்காம் நாள்
கைப்பையைக் கொட்டிப் பார்த்தேன்,
படத்துக்குப் பின்னால் தடவினேன்,
அரிசி டப்பாவுக்குள்ளும் கைவிட்டேன்.
இல்லை.

அன்றுதான் எனக்குத் தூக்கம் வந்தது.