பதினேழாம் ஜாடி

காலை ஆறரைக்குக் கடலில் இறங்கும்போது
நீரில் ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும்.
நான்கு மீட்டர் ஆழத்தில் மூச்சை மெதுவாக்கி
வெயில் சாய்ந்து விழும் பக்கம் முகம் திருப்பினால்
தூசி.
தூசிக்கு முள். முள்ளெல்லாம் பொன்.
ஜாடியைத் திறந்து, கை அசையாமல்,
அதுவாக உள்ளே வரட்டும் என்று காத்திருந்து மூடுவேன்.

மேலே எஃப்ராயின்
படகின் விளிம்பில் குந்திக் கெனேப்பா பழம் சப்புகிறான்.
"எத்தனை, மிக்டாலியா?"
"பதினொன்று."
"ஒரு கரண்டி சூப்புக்குக் காணாது."

ஓர்புலினா. கசகசா அளவு.
மாகேயெஸ் தீவில், உடும்புகள் வெயில் காயும் கூடத்தில்,
ஆளுக்கொரு ஜாடி, ஜாடிக்கொரு கடல்:
நேற்றைய கடல், பேரக்குழந்தைகளின் கடல்,
துளி அமிலம் விட்டது, துளி காரம் விட்டது.
எல்லா ஜாடியும் இருபத்திரண்டு டிகிரித் தொட்டியில்.
ஒருநாள் விட்டு ஒருநாள்
உப்புநீர் இறால் குஞ்சு ஒன்றை இடுக்கியால் நீட்டுவேன்.
கண் இல்லை, வாய் இல்லை,
பிடித்துக்கொள்ளும்.

பிறகு ஓர் இரவு தன்னைச் சுற்றி உருண்டை கட்டும்.
பகலுக்கு ஒரு பூச்சு, இரவுக்கு ஒரு பூச்சு.
சுண்ணாம்புதான், ஆனால் கலப்படம்:
கால்சியத்துக்குப் போட்ட இலையில்
மக்னீசியம் வந்து உட்கார்ந்துவிடும்.
தண்ணீர் சுடச்சுட அழையாதவர் கூட்டம் அதிகம்.
போரான் அப்படியில்லை, ரோஷக்காரன்,
நீர் புளித்தால் வருகையைக் குறைத்துக்கொள்வான்.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் ஓடியது.
என் முறை. நான் படகுத்துறையில்
காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன்;
கால் அசைந்த இடமெல்லாம் நீலமாய் எரிந்தது.
திடீரென்று தவளைகள் கேட்டன.
எவ்வளவு அமைதி, என்று நினைத்தேன்.
இதையே மூன்று மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அமைதி, ஜெனரேட்டர் நின்றுபோனது.

தொட்டியில் இருபத்தேழு.
மீன்காரர்களிடம் கெஞ்சி ஐஸ் வாங்கிக் கொட்டினேன்.
விடிவதற்குள் இறங்கிவிட்டது.
நோட்டில் மணிக்கு மணி எழுதினேன்:
22. 22. 22.
கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

பிறகு வழக்கம்போல
ஒவ்வொன்றும் தன் முட்களை உதிர்த்து
லட்சமாய்ச் சிதறி வெளியேறிப் போனது.
வெற்று ஓடுகளைக் கழுவி, எண் ஒட்டி,
ப்ரேமனுக்கு அஞ்சலில் போட்டேன்.

டிசம்பரில் ஆல்கே எழுதினாள். லேசர் அவளிடம் இருக்கிறது,
முடியின் தடிமனில் பாதியைக்கூட எட்டாத சுவரை
பூச்சுப் பூச்சாய்ச் சுரண்டிப் படிப்பாள்.
"பதினேழாம் ஜாடி, ஐந்தாம் இரவு.
மக்னீசியம் ஈட்டி மாதிரி எழுந்து நிற்கிறது.
கருவிக் கோளாறோ என்று மூன்று ஓடு மாற்றிப் பார்த்தேன்.
மற்றவற்றில் இல்லை.
உன் நோட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது.
அன்று என்ன நடந்தது?"

மற்றவை கட்டி முடித்திருந்தன,
அல்லது தொடங்கவே இல்லை.
அந்த ராத்திரி விழித்து வேலை பார்த்தது
அது ஒன்றுதான்.

பதில் எழுத உட்கார்ந்தேன்.
அமைதியாக இருந்தது, என்று எழுதி அழித்தேன்.
ஜெனரேட்டர், என்று தொடங்கி அதையும் அழித்தேன்.
வெளியே எஃப்ராயின் மோட்டாரைக் கிளப்பிவிட்டு
என் பெயரைக் கத்திக்கொண்டிருந்தான்.
"27," என்று அடித்தேன். "மூன்று மணி நேரம்.
அந்த ஓட்டை எறிந்துவிடாதே."
நனைந்த உடையை மாட்டிக்கொண்டு
ஜாடிகளோடு ஓடினேன்.