நினைவிடம் 63

டார்ட்டுவில் அன்று பனி
வாசற்படி மூன்றையும் விழுங்கியிருந்தது.
இருபத்து நான்கு பேர் பாட வேண்டிய இடத்தில்
ஊர்வே ஒருத்திதான் வந்தாள்,
பூட்ஸைக் கதவோரம் உதறிக்கொண்டே.
மற்றவர்கள் பஸ்ஸோடு மாட்டிக்கொண்டார்களாம்,
எல்வாவுக்கு அந்தப் பக்கம்.

பால்பண்ணைக் கூட்டுறவுக்கு முப்பது நொடி விளம்பரம்.
தயிர் டப்பாவின் மூடி திறக்கிறபோது
ஒரு கூட்டமே பாட வேண்டும்.
காலை ஒன்பதுக்குள் கோப்பு போக வேண்டும்.

நான் ரேக்கைப் பார்த்தேன்.
நாலாவது தட்டில், செங்கல்லை விடத் தட்டையாய்,
பச்சை எழுத்து மினுங்க உட்கார்ந்திருந்தது பெட்டி.
தேவாலயமா, குகையா, குளியலறையா,
எந்த இடத்தைக் கேட்டாலும் தரும். வாடகை கேட்காது.
அதன் முகத்தில் ஒரு குமிழ்.
இடக்கோடியில் உலர்ந்தது, வலக்கோடியில் ஈரம்.
ஈரமே இல்லாத எத்தனையோ குரல்களுக்கு
இருபது வருடமாய்
இந்தக் கட்டைவிரலால்தான் ஈரம் வார்த்திருக்கிறேன்.

எட்டுக் குரல் ஆக்கு என்றேன்.
ஒன்றுக்குப் பதினேழு மில்லிசெகண்ட் தாமதம்,
ஒன்றுக்கு இருபத்து மூன்று.
யாரும் நேரத்துக்கு வரக் கூடாது, அதுதான் கூட்டம்.
சுருதியையும் ஆளுக்கொரு மயிரிழை நகர்த்தினேன்.
பிசிறு இல்லாவிட்டால்
ஒருத்தியே எட்டு மடங்கு தடித்தது போலிருக்கும்.

மூன்று முறை பாடினாள். மூவெட்டு இருபத்து நான்கு.
ஹெட்போனில் கேட்டவள் முதலில் சிரித்தாள்.
பிறகு,
"இடப்பக்கம், கொஞ்சம் பின்னால் நிற்கிறவள் யார்?"
யாருமில்லை, எல்லாம் நீங்கள்தான்.
"இல்லை. அது ஹெல்யே."

ஐந்தாம் குரல்:
முப்பத்தொரு மில்லிசெகண்ட் பின்தங்கி,
அரைச் சுரத்தில் நூற்றுக்கு ஒன்பது பங்கு இறங்கி.
ஹெல்யே அவள் தங்கை.
படகுக் கொட்டகை ஒன்றை விற்ற காசில்
பதினோரு வருடமாய்ப் பேச்சில்லை.
"எப்போதும் இப்படித்தான். பின்னாலேயே வருவாள்.
சுருதி சேராது. சொன்னால்
நீதான் ஏறிப் பாடுகிறாய் என்பாள்."

எடுத்துவிடவா?
"எடுங்கள்."
எடுத்தேன். கேட்டாள். மேசையை விரலால் தட்டினாள்.
"பல் விழுந்த மாதிரி இருக்கிறது. போடுங்கள்."
போட்டேன்.
"இவ்வளவு சத்தம் வேண்டாம்."
குறைத்தேன்.
"இது அவளே இல்லை. இப்படி அடங்கியிருக்க மாட்டாள்."
இப்படியே மணி பதினொன்று.

கடைசியில்
மற்ற ஏழு குரலையும் நிறுத்தச் சொன்னாள்.
குமிழை நட்டநடுவில் வைத்தேன்.
ஊர்வேயும்
முப்பத்தொரு மில்லிசெகண்ட் தள்ளி ஊர்வேயும்
தயிரைப் பற்றிப் பாடினார்கள்.
தெருவில் பனி வாரும் வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு போனது.
நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

சேமிக்கையில் பெட்டி பெயர் கேட்டது.
எட்டு எழுத்துக்கு மேல் அதற்குக் கொள்ளாது.
ஒன்றும் இடவில்லை; 63 என்று மட்டும் நின்றது.
ஊர்வே பேனா வாங்கி
அந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்,
மீதி இலக்கங்களை யாரிடமோ கேட்க வேண்டியவள் போல.

விளம்பரம் இருபத்து நான்கு பேரோடு போய்ச் சேர்ந்தது.
நல்ல கூட்டம் என்றார்கள் பண்ணைக்காரர்கள்,
ஈரம் மட்டும் கொஞ்சம் குறைக்கலாமாம்.

வியாழக்கிழமை தாடிக்காரப் பையன்கள் மூவர்,
இரும்பை அரைக்கிற இசை.
ஸ்னேர் டிரம்முக்கு 62 என்று நினைத்து
அடுத்ததை அழுத்திவிட்டேன்.
ஒவ்வோர் அடிக்கும் இடப்பக்கத்திலிருந்து
சற்றே தாமதமாய், சற்றே இறங்கி,
விட்டுக்கொடுக்காத ஒரு பதிலடி.
மாற்றக் கை நீட்டினேன்.
"விடுங்க," என்றான் டிரம் அடிப்பவன்,
"சண்டை போடுற மாதிரி இருக்கு."