பின்பக்கம் இரண்டங்குலம்

வாங்கும்போதே பின்பக்கம் இரண்டங்குலம் தூக்கித்தான் இருந்தது
நம் பழைய ஹைலக்ஸ்.
வெட்டுக்கிளி மாதிரி நிக்குது என்றாய் குணாளா.
ஆலையில் போனஸ் போட்ட வாரம்
முன்சக்கரங்களுக்கு மட்டும் முட்டுக்கொடுத்து
சமமாக்கிக்கொண்டு வந்தாய்.
எழுநூறு வெள்ளி.
பீடோர் மைதானத்து ஓரம் நிறுத்திப் பக்கவாட்டில் படம் எடுத்தாய்.
பின்தொட்டி விளிம்பில் ஒரு தம்ளர் தே ஓ வைத்து
பாரு, அசையுதா என்றாய்.
அசையவில்லை.
அந்த இரண்டங்குலம்
யார் வந்து உட்காரக் காலியாக இருந்ததென்று
நீ கேட்கவில்லை, நானும்.

பிறகுதான் ரொட்டிச் சானாய் இழுவண்டி வாங்கினேன்.
தோசைக்கல்லைவிடப் பெரிய கல்,
கேஸ் தோங் இரண்டு, ஐஸ் பெட்டி, மாவு மூட்டை,
மடக்கு மேசை ஆறு, ஒரு பீப்பாய் தண்ணீர்.
ஜெனரேட்டர் உன் தொட்டியில்.
விடிகாலை நாலரைக்குக் கொக்கியில் மாட்டியதும்
ஹைலக்ஸ் உட்கார்ந்தது,
நாய் உட்கார்வதுபோல, பின்னால் மட்டும்.

விளக்குகள் சாலையைக் கைவிட்டு
செம்பனை ஓலைகளுக்கு வெளிச்சம் போட்டன.
எதிரே வந்த குலை லோரிக்காரன்
ஹை பீம் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.
நான் தாழ்த்தித்தான் போட்டிருக்கேன் அண்ணே.
ஸ்டியரிங் கையில் லேசாகச் சுழன்றது
எல்லாவற்றுக்கும் தலையாட்டி
எதையும் செய்யாத ஆளைப்போல.

லியோங் முதலில் ஸ்பானரைத் தொடவில்லை.
அளவு நாடா எடுத்தார்.
சக்கர நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புவரை
கழற்றி ஒருமுறை, மாட்டி ஒருமுறை.
சிகரெட் அட்டையில் எழுதினார்:
பின்னால் மூன்று இறக்கம், முன்னால் ஒன்று ஏற்றம்.
அப்புறம் என் வண்டிக் கதவைத் திறந்தார்.
கைக்கு எட்டட்டும் என்று
எல்லாவற்றையும் கொக்கிப் பக்கமே அடுக்கியிருந்தேன்.

பீப்பாயை அச்சுக்கு மேலே தள்ளச் சொன்னார்.
ரொம்பப் பின்னால வேணாம், வால் ஆட்டும்.
பத்தில் ஒரு பங்கு கொக்கிமேல் நிற்கணும்,
கொஞ்சம் கூடினால் போலே, குறையத்தான் கூடாது.
வீட்டிலிருந்து நான் எடை பார்க்கும் தராசைக் கொண்டுவந்து
கொக்கிக்கு அடியில் வைத்தோம்.
எண்பத்திரண்டு.
என்னைவிட ஆறு கிலோ கூட என்று சிரித்தேன்.
நீ சிரிக்காமல் இருந்தது புத்திசாலித்தனம்.

இன்னும் ஒன்றரை அங்குலம் மிச்சம்.
பட்டை ஒன்று கூடச் சேர்த்தால்
வெறும் வண்டி கல்லாகக் குதிக்கும் என்றார்.
முன்முட்டைக் கழற்றினால் பாதி சரியாகும் என்றார்.
நீ பட்டறைக் காலண்டரில்
சீன எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தாய்.
சரி, காற்றுப்பை.
மாட்டினால் ஊது, கழற்றினால் இறக்கு.
விரலை மட்டும் உன் முகத்துக்கு நேரே நீட்டினார்:
பை தூக்கும். தாங்காது.
வண்டி தாங்குற கணக்கு நேத்து எவ்வளவோ
இன்னிக்கும் அவ்வளவுதான்.
இதை அவர் இரண்டுமுறை சொன்னார்.
இரண்டாம் முறை மலாயில்.

இப்போதெல்லாம் நாலேகாலுக்கு
பின்சக்கரத்தருகே குந்தி நீ சைக்கிள் பம்ப் அடிக்கிறாய்.
தலையில் டார்ச் கட்டிக்கொண்டு நான் நாடா பிடிக்கிறேன்.
இன்னும் அரை. இன்னும் கால். போதும்.
நமக்குள் அதிகம் பேசாத நேரம் அது.
அன்று காலை லோரிக்காரன் கை காட்டிவிட்டுப் போனான்;
வேறு லோரியாகவும் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை.
காற்றை இறக்க மறந்து நீ தூங்கிவிட்டாய்.
தோட்டத்துச் செம்மண் காய்ந்த சக்கரங்களோடு
வாசலில் நிற்கிறது ஹைலக்ஸ்,
இழுக்க ஒன்றுமில்லாமல், பின்பக்கம் தூக்கி.
அளந்து பார்த்தேன்.
சரியாக இரண்டங்குலம்.

பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுத்தேன்.
உனக்கு அனுப்பவில்லை.